அம்மியில் அரைத்த மஞ்சள்

நவம்பர் 19

ஒத்துக்கிட்டாங்க. மார்ச் எட்டாம் தேதி, சென்னையில, என் படங்கள் மட்டும். கூட்டத்தோட கூட்டமா மூலையில ரெண்டு படம் மாட்டுற சமாச்சாரம் இல்லை, நாலு சுவரும் என்னுது. கேலரி நடத்துற ரகுநந்தன் போன்ல சொன்னப்ப, "சரிங்க, பாக்கலாம்"னு ரொம்ப அலட்சியமா பதில் சொல்லிட்டு, போனை வச்சதும் குளியலறைக்குள்ள போய் அழுதேன். முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்துல மாங்காயும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுத்த தமயந்தி டீச்சருக்கு, ஐம்பத்தொன்பதாவது வயசுல முதல் தனிக் கண்காட்சி.

எட்டுப் படம். எல்லாமே எகிப்துக் கல்லறைச் சுவர்ல இருக்கிற படையல் மேசை மாதிரி. அந்த ஊர்க்காரங்க செத்தவங்களுக்கு ரொட்டி, வெங்காயம், அத்திப்பழம், வாத்து எல்லாத்தையும் சுவர்ல வரைஞ்சு வச்சிடுவாங்க. நிஜச் சோறு ஊசிப்போகும், வரைஞ்ச சோறு ஊசாது, காலகாலத்துக்கும் சாப்பிடலாம்னு நம்பிக்கை. நிழல் போட மாட்டாங்க. எந்தப் பொருள் எந்தப் பக்கம் முழுசாத் தெரியுதோ அந்தப் பக்கத்தை வரைவாங்க. செத்தவருக்குப் பாதி வெங்காயம் போய்ச் சேர்ந்தா நல்லாவா இருக்கும்! என் மேசையில வாத்துக்குப் பதில் விரால், ரொட்டிக்குப் பதில் கொழுக்கட்டை. நிறம் மட்டும் அவங்களோட நிறம். கறுப்பு, வெள்ளை, காவி, மஞ்சள், பச்சை, நீலம். ஆறே ஆறு.

வடிவு அண்ணிகிட்ட சொன்னேன். "நல்ல சேதி சொல்ல வந்துட்டு செத்தவங்க சோத்தைப் பத்திப் பேசுறியே, உனக்கு நேரம் காலமே கிடையாதா?"ன்னாங்க. அப்புறம் கேசரி கிண்டினாங்க. முந்திரியை எல்லாம் என் தட்டுல தள்ளினாங்க.

நவம்பர் 21

இந்தப் புது டைரியில வீட்டு நிலவரத்தையும் எழுதி வச்சிடறேன். வீட்டுல ரெண்டே பேர். நான், கல்யாணம் கட்டிக்காதவ. அண்ணி, என் அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்தவங்க. அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அவங்க பொண்ணு கல்யாணி ஓசூர்ல வேலை பாக்குறா. அண்ணன் இருந்தப்பவும் எனக்கும் அண்ணிக்கும் சண்டை, இப்பவும் சண்டை. இன்னிக்குச் சண்டை, நான் தூரிகையை அவங்க டம்ளர்ல கழுவினதுக்கு. நியாயமான சண்டைதான். ஒத்துக்கலை.

நவம்பர் 27

கறுப்புக்கு அடுப்புக்கரி. வெள்ளைக்கு ஜிப்சம். காவி, கடைத்தெருவுலயே கிடைச்சது. நீலம்தான் பாடாய்ப் படுத்திச்சு. மணலும் சுண்ணாம்பும் செம்புத்தூளும் சேத்து, தெரிஞ்சவங்களோட பீங்கான் சூளையில ரெண்டு தடவை சுட்டு, மூணாவது தடவைதான் நீலமாச்சு. பச்சைக்கல் பொடி பார்சல்ல வந்துடுச்சு. பசைக்குக் கருவேலம் பிசின். எகிப்துக்காரனும் அதைத்தான் போட்டிருக்கான், நம்ம ஊர்ல ஆட்டுக்காரன்கூட அதை மதிக்க மாட்டான்.

மஞ்சளுக்குப் பொன்னரிதாரம், ஆர்சனிக் இருக்கிற கல். நாட்டு மருந்துக் கடையில பிச்சைக்கனி பாய் தாள் தாளா, தங்கத் தகடு மாதிரி எடுத்துக் காட்டினார். "சித்த வைத்தியர் தவிர யாருக்கும் தர்றதில்லை டீச்சர். பாஷாணம் இது. சுத்தி பண்ணாம உள்ளே போச்சுன்னா ஆளையே சாச்சிடும்"னார். "நான் திங்கப் போறதில்லை பாய், பூசப் போறேன்"னேன். கையுறை போட்டுக்கச் சொன்னார். வாங்கினேன், முகமூடியும் வாங்கினேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

டிசம்பர் 3

அரிதாரத்தை மருந்து அரைக்கிற கல்வத்துல அரைச்சா மாவாப் போகுது. மாவாப் போனா மினுக்கம் செத்துப்போகுது. எகிப்துல இதைக் கொரகொரப்பாத்தான் அரைச்சிருக்காங்க, அப்பதான் வெளிச்சம் பட்டா தங்கமா மின்னும். சாமிகளோட சதைக்கு அவங்க போட்ட நிறம் இது. எனக்குக் கொழுக்கட்டைக்கு வேணும்.

கொல்லையில அம்மி கிடக்கு. மிக்ஸி வந்த நாள்லேர்ந்து அதை யாரும் சீண்டலை. தேய்ஞ்சு வழவழன்னு கிடக்கு, கொத்தினா சரியா இருக்கும்.

டிசம்பர் 6

தெருவுல "அம்மி கொத்தலையோ"ன்னு குரல் கேட்டது. இந்தக் காலத்துலயும் வர்றாங்களேன்னு ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன். அந்தம்மா அரைமணி நேரத்துல புள்ளி புள்ளியா கொத்திக் கொடுத்துட்டுப் போனாங்க.

மார்க்கெட்லேர்ந்து திரும்பின அண்ணி, கொல்லையில அம்மியைப் பாத்து அப்படியே நின்னுட்டாங்க. பை கையிலேயே இருக்கு.

"கொத்த வச்சியா?"

"ம்."

"எனக்கா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே பேசிட்டாங்க. "கல்யாணம் ஆகி வந்த புதுசுல உங்கம்மாகிட்ட கேட்டேன். அம்மி வழுக்குது, கொத்தித் தாங்கன்னு. எங்க வீட்டு அம்மிக்கு என்னடி குறைன்னாங்க. அப்புறம் கேட்டதே இல்லை. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு உனக்குத் தோணியிருக்கு பாரு." கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வடிவு அண்ணி! அண்ணன் செத்த அன்னிக்கே நாலு பேர் முன்னாடி அழாதவங்க.

"ஆமா, உங்களுக்குத்தான்"னுட்டேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

டிசம்பர் 7

காலையில பிரண்டைத் துவையல், அம்மியில. எனக்கு வயித்துப்புண்ணு, காரம் ஆகாது. எனக்கு வழக்கம்போல மிக்ஸியில தேங்காய்ச் சட்னி. அண்ணி நாக்கைச் சப்புக்கொட்டி ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாங்க. "மிக்ஸியில அரைச்சது வெந்நீர்ல முக்கின மாதிரி. இதுதான் துவையல்." சந்தோஷமா இருந்துச்சு, ரெண்டு பேருக்குமே.

ஆனா என் மஞ்சளுக்கு இப்ப என்ன வழி? வேற அம்மி தேடணும்.

டிசம்பர் 11

வேற அம்மி கிடைக்கலை. பழைய சாமான் கடையில ஒண்ணு இருந்துச்சு, நடுவுல விரிசல்.

அண்ணி மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்தா நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாங்க. இன்னிக்கு அந்த நேரத்துல அரைச்சேன். ஒரு கைப்பிடிதான். என்ன மினுக்கம்! அப்புறம் சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால மூணு தடவை தேய்ச்சுக் கழுவினேன். மூணாவது தண்ணியிலயும் லேசா மஞ்சள் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அண்ணி அரைச்ச மஞ்சள்தூளா இருக்கும். நாலாவது தடவையும் கழுவினேன்.

டிசம்பர் 20

முதல் படம் முடிஞ்சது. கொழுக்கட்டை, சின்ன வெங்காயம், தாமரை. கொழுக்கட்டை மேல மஞ்சள் பட்டு ஜொலிக்குது. அண்ணி இடுப்புல கை வச்சுக்கிட்டுப் பாத்தாங்க. "வெங்காயம் என்ன வண்டி ஏறின மாதிரி தட்டையா இருக்கு?" எகிப்துக் கதையைச் சொன்னேன். "அப்ப இதை யாருக்குப் படைக்கிறே, உங்க அண்ணனுக்கா? அவருக்குக் கொழுக்கட்டையே பிடிக்காதே"ன்னாங்க.

தஞ்சாவூர்க்காரி ஒருத்தி படத்துல தங்கத்தாள் ஒட்டாம மஞ்சளை அரைச்சிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சா எனக்கே சிரிப்பு வருது.

டிசம்பர் 28

ரெண்டாவது, மூணாவது படம் ஓடிக்கிட்டு இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் அரைக்கிறேன். அஞ்சு தடவை கழுவறேன்.

அண்ணிக்கு வயிறு சரியில்லை. திருவாதிரைக் களி ஒத்துக்கலையாம்.

ஜனவரி 5

அண்ணிக்கு வாந்தி, வயித்துப்போக்கு, மூணு நாளா. டாக்டர் ஹமீதா மாத்திரை கொடுத்தாங்க. "வெளியில எங்கேயாவது சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. "நான் எங்க டாக்டர் வெளியில சாப்பிடறேன், எல்லாம் என் கையால அரைச்சதுதான்"னு அண்ணி பெருமையா சொன்னாங்க.

ரசஞ்சோறு வச்சுக் கொடுத்தேன். "உப்பு இல்லை"ன்னாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், சாப்பிட முடியாதவங்க உப்பு இல்லைங்கறாங்க. ஆனா நிஜமாவே உப்பு இல்லைதான்.

ஜனவரி 8

வயிறு சரியாப் போச்சு. மறுபடி துவையல்.

ஜனவரி 15

பொங்கல். கல்யாணி வரலை, லீவு இல்லையாம். அண்ணி ரெண்டு வாய் சாப்பிட்டதும் குமட்டுதுன்னு எழுந்துட்டாங்க. கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய் மூணையும் வச்சு நாலாவது படம் ஆரம்பிச்சாச்சு. வெளிச்சம் போயிடுமேன்னு நான் பாத்திரம் கழுவாம வரையப் போயிட்டேன். அண்ணி எழுந்து வந்து கழுவினாங்க. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன்.

ஜனவரி 22

காலுக்கடியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்கறாங்க. சக்கரை இருக்கே, அதனாலதான். டாக்டர் ஹமீதாவும் அதைத்தான் சொன்னாங்க. மெலிஞ்சு போயிட்டாங்க. ஜாக்கெட் தோள்ல நிக்கலை.

எனக்கு ஒண்ணும் இல்லை. கையுறை, முகமூடி ரெண்டும் தவறாம போட்டுக்கறேன்.

ஜனவரி 29

அண்ணி கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்கால். "ஒரு செருப்பு எங்கே அண்ணி?"ன்னேன். குனிஞ்சு பாத்தாங்க. கழண்டது தெரியவே இல்லையாம். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

பிப்ரவரி 2

உள்ளங்கையில மிளகு மிளகா தடிச்சிருக்கு. கழுத்துல கறுப்புத் திட்டு, அதுல மழைத்துளி பட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார்.

ஏழாவது படத்துல அண்ணியோட தட்டை வரையறேன். சோறு, பிரண்டைத் துவையல், சுட்ட அப்பளம். அவங்க சாப்பிட முடியாம வச்ச தட்டு. "எனக்கே படைக்கிறியாடி?"ன்னு கேட்டாங்க. விளையாட்டாத்தான் கேட்டாங்க.

பிப்ரவரி 9

காலையில ஏழரை மணி. கொல்லையில வெயில் சாய்வா விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அண்ணி அப்பதான் துவையல் அரைச்சு எடுத்துட்டு உள்ளே போனாங்க. நான் தண்ணி எடுக்கப் போனேன்.

அம்மி மின்னுச்சு.

கொத்தின குழி ஒவ்வொண்ணுலயும் பொட்டுப் பொட்டா மஞ்சள். குண்டூசியால கிளறிப் பாத்தேன். அது மஞ்சள்தூள் இல்லை. எனக்குத் தெரியாத மினுக்கமா?

உள்ளே ஓடினேன். அண்ணி முதல் வாய் எடுக்கப் போறாங்க. கையிலேர்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். "பல்லி விழுந்துருச்சு அண்ணி, பாத்தேன்"னேன். திட்டினாங்க. கையால தரையைத் துடைக்கப் போனாங்க, நானே துடைக்கறேன்னு தள்ளிவிட்டேன். அப்ப அவங்க விரலைப் பாத்தேன். பத்து நகத்துலயும் குறுக்கே வெள்ளைக் கோடு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி.

என் நிறப் புத்தகத்துல, அரிதாரத்தைப் பத்தின பக்கத்துல, அந்தக் கோட்டைப் பத்தி ஒரு பாரா இருக்கு. நவம்பர்லயே படிச்சிருக்கேன். நானே அடிக்கோடு போட்டிருக்கேன்.

பிப்ரவரி 10

ஒரு லோடு ஆட்டோ பிடிச்சு அம்மியையும் குழவியையும் ஏத்தி அனுப்பிட்டேன். ஊருக்கு வெளியில ஆள் போகாத பாழுங்கிணறு ஒண்ணு இருக்கு, அதுல போட்டாச்சு. குழவி உடைஞ்சு போச்சு, அம்மி விரிசல் விட்டுடுச்சுன்னு அண்ணிகிட்ட சொன்னேன். "ஐயோ, நீ ஆசையா கொத்தி வச்சதாச்சே"ன்னு அண்ணி வருத்தப்பட்டாங்க.

இனி சமையல் நான்தான். உள்ளே போறது நின்னுட்டா உடம்பு தானா வெளியேத்திடும். பத்து நாள்ல தேறிடுவாங்க. டாக்டர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கல்யாணிக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிப்பாளா? படங்களும் வெளியில போகாது. கண்காட்சி முடியட்டும். நான் ஒண்ணும் வேணும்னு செய்யலையே.

பிப்ரவரி 12

அண்ணிக்கு வாந்தி நின்னுடுச்சு! ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. நான் சொன்னேனே.

பிப்ரவரி 14

எட்டுப் படமும் லாரியில போயாச்சு. ரகுநந்தன் போட்டோ பாத்துட்டு, "அந்த மஞ்சள் மேடம், அந்த மஞ்சள்!"ங்கறார்.

பிப்ரவரி 16

அண்ணி குளியலறையில விழுந்துட்டாங்க. எழுந்திருக்க முடியலை. கால் ரெண்டும் துணி மாதிரி தொங்குது. வயிறு சரியாயிட்டு வருதே, கால் ஏன் இப்படி? நின்னுடுச்சே, எல்லாம் நின்னுடுச்சே. பக்கத்து வீட்டு ஆளுங்க வந்து தூக்கினாங்க. கல்யாணிக்குப் போன் பண்ணினேன்.

பிப்ரவரி 18

ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் வயசானவர், பொறுமையா கேட்கிறார். கால்ல ஊசியால குத்தினார், அண்ணி கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கையிலயும் உணர்ச்சி குறையுதாம். அம்மியை ஆட்டோவுல ஏத்தினப்ப அதுக்குக் கனம் இருந்ததே, அந்தக் கனம் முழுக்க இப்ப என் நெஞ்சு மேல.

டாக்டர் கேட்டார்: "வீட்டுல நாட்டு மருந்து, லேகியம், எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது புழங்குறீங்களா?"

கல்யாணி "அப்படி எதுவும் இல்லை டாக்டர்"னு சொல்லிட்டு என்னைப் பாத்தா. "இல்லைதானே அத்தை?"

இல்லைன்னு தலையாட்டினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. மறைச்சிட முடியுது. அதுதான் பயமா இருக்கு.

பிப்ரவரி 19

உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குதோன்னு சந்தேகமாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணுமாம். அப்புறம் ரத்தத்தைச் சுத்திகரிக்கிற வைத்தியமாம். எதுக்கும் உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு கல்யாணிகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அவளுக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்.

இதுக்கு மேல ஒரு வரி எழுத முடியலை. ச்சீ.

பிப்ரவரி 20

காலையில கல்யாணி அம்மாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தா. முடி கொத்துக் கொத்தா சீப்போட வந்துச்சு. நான் ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன். அண்ணி நான் கவனிக்கலைன்னு நினைச்சாங்களோ, இல்லை கேட்டாக் கேட்கட்டும்னோ, மெதுவா சொன்னாங்க:

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க அத்தையைத் தனியா விட்டுடாதே. அவளுக்குச் சமைக்கத் தெரியாது. வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்லை. நான் கேட்காமயே எனக்கு அம்மி கொத்தி வச்சா, தெரியுமா?"

வெளியில போனேன். நரம்பு டாக்டர் அறைக் கதவைத் தட்டாமயே திறந்தேன். உள்ளே வேற நோயாளி உக்காந்திருந்தார். அவர் இருக்கும்போதே சொன்னேன். அரிதாரம், அம்மி, துவையல், கிணறு, எல்லாம். குரல் பிசிறாம, வகுப்புல பாடம் நடத்துற மாதிரி சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை.

டாக்டர் அந்த நோயாளியை வெளியில இருக்கச் சொன்னார். பேப்பரை எடுத்தார். "எப்பலேர்ந்து சாப்பிட்டாங்க?" டிசம்பர் பதினொண்ணு. "எப்ப நின்னுச்சு?" பிப்ரவரி ஒன்பது. "நீங்களே நிறுத்தினீங்களா?" ஆமா. "அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

எழுதினார். பதினொரு நாள்னு அவரே எண்ணிச் சொன்னார். பதினெட்டாம் தேதி அவர் கேட்டதையும் நான் தலையாட்டினதையும் அவர் சொல்லலை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அன்னிக்கே வந்திருந்தா கால் தப்பிச்சிருக்குமா?"ன்னு கேட்டேன்.

"அப்படி அளந்து சொல்ல முடியாதும்மா. ஆனா வந்திருக்கணும்."

பிப்ரவரி 21

முதுகு ஊசியை நிறுத்திட்டாங்க. சிறுநீரும் நகமும் முடியும் பரிசோதனைக்குப் போயிருக்கு. முடிவுக்குக் காத்திருக்காம விஷத்தை இழுக்கிற ஊசியை ஆரம்பிச்சாச்சு. ஒவ்வொரு ஊசிக்கும் அண்ணி முனகுறாங்க.

கல்யாணிகிட்ட டாக்டரே சொல்லிட்டார். அவ என்கிட்ட வந்தா. அடிப்பான்னு நினைச்சேன், அடிக்கட்டும்னுதான் நின்னேன். "பதினெட்டாம் தேதி நான் உங்களைக் கேட்டேனே அத்தை"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ என்னோட பேசலை.

பிப்ரவரி 23

அண்ணிகிட்ட நானேதான் சொல்லணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன். கட்டில் பக்கத்துல உக்காந்து சொன்னேன். அழுதேன், மூக்கைச் சிந்தினேன், அசிங்கமா இருந்துச்சு. அண்ணி குறுக்கே பேசாம கேட்டாங்க. விஷம்னேன், மத்தியானத்துல அவங்க தூங்கினப்ப அரைச்சேன்னேன், தெரிஞ்சும் வாயைத் திறக்கலைன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அப்ப அம்மி எனக்காகக் கொத்தலையா?"

இப்பவும் ஆமான்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை இன்னும் ஒரு தடவை சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"இல்லை அண்ணி."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க. உடம்பைத் திருப்ப முடியாது, முகத்தை மட்டும்தான் திருப்ப முடியும்.

பிப்ரவரி 27

பரிசோதனை முடிவு வந்துச்சு. அதேதான்.

போலீஸ் வந்தாங்க. ஆஸ்பத்திரியில தகவல் கொடுத்தே ஆகணுமாம். என்னை ஒரு மணி நேரம் கேட்டாங்க. மறைக்காம சொன்னேன், தேதியோட சொன்னேன். அப்புறம் அண்ணிகிட்ட போனாங்க. அண்ணி சொன்னது: "வேணும்னு செய்யலைங்க. எங்களுக்குள்ள விரோதம் கிடையாது. கேஸ் எதுவும் வேண்டாம்." பேனா பிடிக்க முடியலை, கைநாட்டு வச்சாங்க. பி.ஏ. வரலாறு படிச்சவங்க. மேற்கொண்டு என்னன்னு அதிகாரிதான் முடிவு பண்ணுவாராம், ஊரைவிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நான் கால்ல விழுந்தேன். நான் காலைத் தொட்டது அவங்களுக்குத் தெரிஞ்சுதா, அதுவும் தெரியலை.

மார்ச் 8

கண்காட்சி திறந்தாச்சு. போகலை. நிறத்துல என்ன இருக்குன்னு ரகுநந்தனுக்கு எழுதிப் போட்டேன், படங்களை இறக்கச் சொல்லி. கண்ணாடிச் சட்டம் போட்டுட்டோம், யாருக்கும் ஆபத்தில்லைன்னு பதில் வந்துச்சு. ஏழாவது படத்துக்கு முன்னாடி நிறைய பேர் நிக்கறாங்களாம். ஒரு பத்திரிகையில மஞ்சளைப் பத்தித் தனியா ஒரு பத்தி வந்திருக்காம். வெட்டி அனுப்பட்டுமான்னு கேட்டார். போனை வச்சுட்டேன்.

மார்ச் 19

வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உயிருக்கு ஆபத்து இல்லை. கால் வர்றதுக்கு வருஷமாகலாம், வராமயும் போகலாம். கைவிரல் பாதி வரும்.

கல்யாணி ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. அண்ணி முடியாதுன்னுட்டாங்க. "உன் வீடு மூணாவது மாடி. நீ வேலைக்குப் போயிட்டா என்னை யார் பாப்பா? நான் வாழ வந்த வீடு இது, இங்கேயே இருக்கேன்."

"இவங்க சமைச்சதைச் சாப்பிட்டுக்கிட்டா?"ன்னு கல்யாணி கேட்டா. நான் அதே அறையிலதான் நின்னேன்.

"அதை நான் பாத்துக்கறேன்"ன்னாங்க அண்ணி.

மார்ச் 23

கல்யாணி லீவு முடிஞ்சு கிளம்பிட்டா. காலையில ஒரு பொம்பளை வந்து அண்ணியைக் குளிப்பாட்டிட்டுப் போகுது. மத்ததெல்லாம் நான். வரையற அறையைப் பூட்டிட்டேன். மிச்சம் இருந்த அரிதாரத்தைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிடுச்சு.

மத்தியானம் பருப்புச் சோறு பிசைஞ்சு, நெய் விட்டு, அண்ணி பக்கத்துல உக்காந்தேன். கவளம் உருட்டி வாய்கிட்ட கொண்டு போனேன். வாயை மூடிக்கிட்டாங்க. சூடா இருக்கோன்னு ஊதினேன். திறக்கலை.

"முதல் வாய் நீ சாப்பிடு"ன்னாங்க.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. சாப்பிட்டேன். மென்னேன். என் தொண்டையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. விழுங்கினதும் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாங்க. அப்புறம் வாயைத் திறந்தாங்க.

மார்ச் 30

காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி கஞ்சி. உப்பு சரியா இருக்குங்கறாங்க. ரேடியோ கேட்கறோம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பத்திப் பேசறோம். நேத்து ஒரு ஜோக்குக்குச் சிரிச்சாங்ககூட. கோபமா இருக்காங்களான்னு கேட்டேன். "கோபமெல்லாம் இல்லை தமயந்தி"ன்னாங்க.

ஆனா மூணு வேளையும் முதல் வாய் எனக்குத்தான். நான் விழுங்கற வரைக்கும் அவங்க வாயைத் திறக்கறதில்லை.